தண்ணி ஊத்தாத செடி: எங்க வீட்டு ஆவாரை

போன எபிசோடில் மாடித் தோட்டத்துக்கு மண் கலவை எப்படித் தயார் பண்றதுன்னு பேசினோம். அதுக்கு வந்த குரல் பதிவுகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "மண்ணெல்லாம் சரிங்க, தண்ணிக்கு எங்க போறது? தண்ணி கம்மியா இருக்கிற இடத்துல என்ன பூச்செடி வைக்கலாம்?" இந்தக் கேள்விக்கு நான் ரொம்ப நாளாகப் பதில் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். பதில் தெரியாமல் இல்லை. பதில் சொன்னால் என் முட்டாள்தனம் முழுக்கச் சொல்லியாகணும். சரி, இன்னைக்குச் சொல்லிடுறேன்.

ஆவாரம்பூ. அவ்வளவுதான். "இதுக்கா ஒரு எபிசோடு, ரோட்டோரம் கிடக்குதே"ன்னு நினைக்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. ரோட்டோரம் கிடக்கிற அந்தச் செடியை என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவர எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு.

நான் இருப்பது மதுரைக்கு வெளியே. அஞ்சு சென்ட் இடம், அதில் பாதி வீடு. மீதியில் நான் ஒரு தோட்டம் வைத்திருந்தேன். தோட்டம்னா என்ன தோட்டம்? முன்னாடி கொரியன் புல், ஓரத்தில் குரோட்டன்ஸ், நாலு பெங்களூர் ரோஜா, கேட்டுக்குப் பக்கத்தில் மல்லிகைப் பந்தல். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் மோட்டார் ஓடும். தண்ணியைப் பற்றி யோசித்ததே கிடையாது. போர்வெல் 350 அடி, எப்பவும் தண்ணி இருந்தது, எப்பவும் இருக்கும்னு நினைப்பு.

2016 வடகிழக்குப் பருவமழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்நாடு முழுக்கச் சராசரியைவிட அறுபது சதவீதத்துக்கு மேல் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம்னு அரசு அறிவித்தது. மார்ச் மாசம் எங்க போர்வெல் காற்றை இழுக்க ஆரம்பித்தது. கடன் வாங்கி 700 அடிக்குப் போட்டோம். புழுதிதான் பறந்தது. அப்புறம் லாரித் தண்ணி. ஒரு லாரி வந்தால் குடிக்க, குளிக்க, பாத்திரம் கழுவ. அதில் புல்லுக்கு எங்கே ஊத்துறது? ஏப்ரலில் புல் போச்சு. ரோஜா போச்சு. மல்லிகைக்கு மட்டும் அம்மா அரிசி கழுவின தண்ணியை ஊத்தி ஊத்திக் காப்பாத்தப் பாத்தாங்க. மே மாசம் அதுவும் காஞ்சு, பந்தலில் சுள்ளியாத் தொங்கியது. எங்க அம்மா பூ வைக்காமல் வெளியே போக மாட்டாங்க. அந்த மே மாசம் முழுக்க அவங்க தலையில் பூ இல்லை. அதை அவங்க சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

அதே மே மாசம் அருப்புக்கோட்டை பக்கம் எங்க ஊருக்கு ஒரு துக்க வீட்டுக்குப் போனோம். கரிசல் காடு. வெடிப்பு விட்ட தரை. கருவேலமரத்தைத் தவிரப் பச்சையாக எதுவும் கண்ணில் படவில்லை. பஸ் ஒரு வளைவில் திரும்பும்போது ஓடைக் கரை முழுக்க மஞ்சளாக இருந்தது. ஆவாரை. எவனும் தண்ணி ஊத்தல, எவனும் உரம் போடல. அது பாட்டுக்குப் பூத்து நின்றது. அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துட்டு, "ஏன்டி, நம்ம வீட்டுல இதை வச்சிருக்கலாம்ல"ன்னு சொன்னாங்க. அவங்க கிண்டலாகத்தான் சொன்னாங்க. நான் அதைப் பிடிச்சுக்கிட்டேன்.

முதல் முட்டாள்தனம் அன்னைக்கே நடந்தது. திரும்பி வரும்போது மண்வெட்டி கடன் வாங்கி, இடுப்பளவு இருந்த ஒரு செடியை வேரோடு தோண்டலாம்னு இறங்கினேன். ஒரு அடி, ரெண்டு அடி, வேர் போய்க்கிட்டே இருக்கு. பக்கவேர் பெரிசா இல்லை, ஆணிவேர் ஒண்ணுதான், கட்டை விரல் தடிமனில் நேராகக் கீழே இறங்குது. ஆடு மேய்ச்சிக்கிட்டிருந்த ஒரு பெரியவர் ரொம்ப நேரம் வேடிக்கை பார்த்துட்டுக் கடைசியில் சொன்னார்: "அது ஒன் ஒசரத்துக்கு மேல போகும் தாயி. புடுங்கிக் கொண்டு போயி பொழைக்காது. நெத்து காஞ்சதும் வெதைய எடுத்துட்டுப் போ." நான் கேக்கல. வேரை வெட்டி எடுத்து, ஈரச் சாக்கில் சுத்தி, மதுரைக்குக் கொண்டு வந்து நட்டேன். நாலாவது நாள் இலை கருகிடுச்சு. ஒரு வாரத்தில் குச்சி.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். ஆவாரை வறட்சியைத் தாங்குறதுக்குக் காரணமே அந்த ஆணிவேர்தான். மேல்மண் காஞ்சாலும் கீழே இருக்கிற ஈரத்தை அது எடுத்துக்கும். அந்த வேரை வெட்டிட்டு, வறட்சியைத் தாங்கும் செடின்னு கொண்டு வந்து நட்டால் அது எப்படித் தாங்கும்? இதே காரணத்தால்தான் தொட்டியில் வைக்கிறவங்களுக்கும் சொல்றேன். ஒரு அடித் தொட்டியில் வச்ச ஆவாரை, வறட்சியைத் தாங்கும் செடி இல்லை. அதுக்கு ரோஜாவுக்கு ஊத்துற மாதிரி ஊத்தணும். மாடியில்தான் வைக்கணும்னா பெரிய டிரம் எடுங்க, பூக்கும், ஆனால் "தண்ணி வேண்டாம்"ங்கிற பேச்சு அங்கே செல்லாது. இது தரையில் வைக்கிற செடி.

ரெண்டாவது முட்டாள்தனம் நர்சரி. ஆவாரங்கன்று இருக்கான்னு கேட்டேன். "இருக்கு மேடம்"னு சொல்லி மஞ்சள் பூ வச்ச ஒரு செடியைக் கொடுத்தார். எண்பது ரூபாய். வீட்டுக்கு வந்து வச்சு, பூ பூத்து, அம்மா பார்த்துட்டு, "இது என்னடி, மணி மாதிரி இருக்கு"ன்னாங்க. அது டெக்கோமா. அமெரிக்கப் பக்கத்துச் செடி, இப்போ பாதி வீட்டு கேட்டில் மஞ்சள் மஞ்சளாகத் தொங்குதே, அதேதான். அழகான செடிதான், நான் குறை சொல்லல. ஆனால் நான் கேட்டது அது இல்லை.

அதனால் அடையாளம் சொல்லிடுறேன், ஏமாறாதீங்க. டெக்கோமா பூ குழல் மாதிரி இருக்கும், இலை விளிம்பு ரம்பப் பல் மாதிரி இருக்கும். ஆவாரம்பூவுக்கு அஞ்சு இதழ், தனித்தனியாக விரியும். இலை புளிய இலை மாதிரி ஜோடி ஜோடியாக இருக்கும், ஆனால் புளியைவிடப் பெரிசு, ஒரு காம்பில் எட்டிலிருந்து பன்னிரண்டு ஜோடி. காம்பு தண்டோட சேர்ற இடத்தில் காது மாதிரி ரெண்டு வட்ட இலை இருக்கும். அதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், ஆவாரைதான். காய் தட்டையா, காகிதம் மாதிரி, விரல் நீளத்துக்கு இருக்கும். உள்ளே விதை இருக்கிற இடம் மேடு மேடாகத் தெரியும்.

சரி, விதைக்கு வருவோம். பெரியவர் சொன்னதைக் கேட்டு, மறுபடி ஊருக்குப் போனபோது அதே ஓடைக் கரையில் பழுப்பாக் காஞ்ச நெத்துகளைப் பறிச்சுக்கிட்டு வந்தேன். 2017 அக்டோபர், மழை வரும்னு நம்பி 40 விதை ஊன்றினேன். மூணு முளைத்தது. மூணே மூணு. அதில் ரெண்டைக் கோழி கிளறிடுச்சு. மூணாவதை நான் தண்ணி ஊத்தியே கொன்னேன். அதை அப்புறம் சொல்றேன்.

ஏன் மூணுன்னு தெரியணுமா? ஆவாரை விதையோட தோல் கல்லு மாதிரி. தண்ணியை உள்ளே விடாது. காட்டில் வெயில், மழை, மண்ணில் உரசல், இப்படி மாசக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் அந்தத் தோல் தேயும். எல்லா விதையும் ஒரே மழையில் முளைச்சு, அடுத்து மழையே பெய்யாமல் போனால் மொத்தக் கூட்டமும் காலி. அதனால் இந்த வருஷம் கொஞ்சம், அடுத்த வருஷம் கொஞ்சம்னு விதைகள் தனித்தனியாக எழும்பும். செடிக்கு அது நல்லது, நமக்குத்தான் அவசரம்.

அவசரத்துக்கு ரெண்டு வழி. ஒண்ணு வெந்நீர். தண்ணியைக் கொதிக்க வச்சு அடுப்பை அணைச்சு, ஒரு நிமிஷம் விட்டு, டம்ளரில் இருக்கிற விதை மேல ஊத்திடணும். விதையை அடுப்பில் வச்சுக் கொதிக்க விடக் கூடாது, அப்படிச் செஞ்சா அது சுண்டல். அப்படியே ராத்திரி முழுக்க ஆறட்டும். காலையில் பார்த்தால் சில விதை ரெண்டு மடங்கு உப்பியிருக்கும். அதை மட்டும் எடுத்து ஊன்றுங்க. உப்பாததுக்கு மறுபடி ஒரு தடவை வெந்நீர். இன்னொரு வழி நகவெட்டி. விதையோட ஒரு நுனியில் முளை வரும் இடம் இருக்கும், சின்னப் புள்ளி மாதிரி. அதுக்கு எதிர்ப்பக்கம் தோலை மட்டும் லேசாகக் கிள்ளிவிட்டு ஊற வைக்கணும். பத்து விதைக்கு இது சரி, நூறு விதைக்கு உட்கார்ந்தால் கண்ணு போயிடும். நான் 2018 ஆகஸ்டில் வெந்நீர் வழியில் மறுபடி 40 விதை போட்டேன். 26 முளைத்தது.

முளைச்சதை எதில் வளர்க்கிறதுங்கிறதும் முக்கியம். குட்டை நர்சரிப் பையில் வளர்த்தால் ஆணிவேர் அடியில் இடிச்சுச் சுருண்டுக்கும். சுருண்ட வேர் தரையில் வச்ச பிறகும் நேராகாது. நான் கோக் பாட்டில் ரெண்டு லிட்டர் எடுத்து, மேல் பக்கம் வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் மணலும் பாதிக்குப் பாதி போட்டு வளர்த்தேன். ரெண்டு மாசத்துக்குள்ளே, ஒரு சாண் உயரம் வரும்போதே தரைக்கு மாத்திட்டேன். இன்னும் நல்ல வழி, நிற்கப் போற இடத்திலேயே விதையை ஊன்றுவது. நாய், கோழி, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க கிரிக்கெட், இதெல்லாம் இல்லாத இடமா இருந்தால் அதைத்தான் செய்யுங்க. எங்க பக்கம் மழை அக்டோபர் நடுவில் ஆரம்பிக்கும். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி போட்டால் வேர் இறங்க மூணு மாசம் ஈரம் கிடைக்கும். சித்திரையில் நட்டுட்டு "இது வறட்சிச் செடியாச்சே, ஏன் செத்துச்சு"ன்னு எனக்கு மெசேஜ் அனுப்பாதீங்க.

அக்டோபரில் ஏழு கன்று நட்டேன். ஆறு செத்த புல் இருந்த இடத்திலேயே, செடிக்குச் செடி நாலடி, அஞ்சடி விட்டு. ஒண்ணை மட்டும் வேப்ப மரத்துக்குக் கீழே வச்சேன், இடம் வீணாப் போகுதேன்னு. அது இன்னைக்கு வரைக்கும் நாலு இலையோடு சோகமா நிக்குது. முழு வெயில் வேணும். பாதி நிழல், ஓரளவு வெளிச்சம், இதெல்லாம் இதுக்கு ஆகாது.

இப்போ அந்த மூணாவது கன்று எப்படிச் செத்ததுன்னு சொல்றேன், ஏன்னா இதே தப்பை ஏழிலும் செய்யப் பார்த்தேன். எனக்குப் பாசம் அதிகம். மண்புழு உரம் ரெண்டு கிலோ, தினமும் ஒரு சொம்பு தண்ணி, வாரம் ஒரு தடவை பஞ்சகவ்யம். எங்க மண் கொஞ்சம் களிமண். குழியில் தண்ணி நின்னு, தண்டு அடியில் கறுத்து, ஒரு காலையில் சாஞ்சு கிடந்தது. பிழைச்ச செடிகளுக்கும் அப்படி ஊட்டி வளர்த்தால் என்ன ஆகும்னு பக்கத்து வீட்டில் பார்த்தேன். அவங்க என்கிட்ட வாங்கிட்டுப் போன கன்றுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்தாங்க. ஆள் உயரத்துக்குத் தழைத்து வளர்ந்தது, இலை பச்சைப் பசேல்னு, ஆனால் பூ அங்கொண்ணு இங்கொண்ணு. காத்தடிச்சதும் கிளை ஒடியுது. குழாயைப் பிடுங்கினதுக்கு அடுத்த வருஷம்தான் ஒழுங்காகப் பூத்தது.

என்னோட கணக்கைச் சொல்றேன். நட்ட பிறகு மழைக்காலம் முழுக்க எதுவும் இல்லை. முதல் கோடையில் பத்து நாளைக்கு ஒரு தடவை, செடிக்கு ஒரு வாளி. மெதுவாக, மண் ஆழமாக நனையுற மாதிரி. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிச்சால் வேர் மேலேயே நின்னுக்கும், கீழே போகாது. அந்தக் கோடை எதுன்னு பார்த்தால் 2019. சென்னையில் நாலு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணி போன வருஷம். எங்க தெருவிலும் லாரிக்குச் சண்டைதான். அந்த வருஷம் என் ஏழு செடிக்கும் சேர்த்துப் பத்து நாளைக்கு ஏழு வாளி. துணி அலசின தண்ணிதான். செத்தது ஒண்ணும் இல்லை. 2020 கோடையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஊத்தல. களிமண் வச்சிருக்கிறவங்க மட்டும், நடும்போது ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி அதில் நடுங்க. தண்ணி நிக்கக் கூடாது, அவ்வளவுதான் இதுக்கு வேணும்.

ஒரு நேயர் கேட்டிருந்தாங்க, ஆவாரை அவரை, துவரை குடும்பம்தானே, வேர் முடிச்சில் நைட்ரஜன் சேர்க்குமான்னு. குடும்பம் அதுதான், ஆனால் வேர் முடிச்சு வராது. சரக்கொன்றைக்கும் அப்படித்தான். நம்ம ஆளுங்க வயலில் எருக்கு, கொழிஞ்சியோடு ஆவாரைத் தழையையும் போட்டு மிதிக்கிறது தழையோட சத்துக்காக. அது வேற, இது வேற.

முதல் பூ 2019 புரட்டாசியில் வந்தது. இந்த இடத்தில் ஒரு சத்தம் போடுறேன், கேளுங்க.

[ஒலிப்பதிவு: வண்டின் ரீங்காரம், இடையிடையே கூர்மையான அதிர்வு]

கேட்டுச்சா? முதல்ல வர்றது பறக்கிற சத்தம். நடுவில் திடீர்னு ஸ்ருதி ஏறுதே, "ட்ஸ்ஸீ"ன்னு, அதுதான் விஷயம். கருவண்டு, மரக்கட்டையைத் துளைச்சுக் கூடு கட்டுமே, அந்தப் பெரிய கறுப்பு. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான். அந்த மகரந்தமும் மத்த பூ மாதிரி வெளியே தூளாகக் கிடக்காது. மகரந்தப் பை நுனியில் சின்ன ஓட்டை மட்டும் இருக்கும், உப்பு ஜாடி மாதிரி. வண்டு பூவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, இறக்கையை அசைக்காமல் பறக்கிற தசையை மட்டும் உதறும். அந்த உதறலில் மகரந்தம் ஓட்டை வழியாகக் கொட்டும். தேன்பெட்டியில் இருக்கிற தேனீக்கு அந்த வித்தை தெரியாது. அது வரும், சிந்தினதைப் பொறுக்கும், போகும்.

அதிலும் ஒரு தந்திரம் இருக்கு. பூவைக் கையில் எடுத்துப் பாருங்க. உள்ளே பத்துக் காம்பு இருக்கும், எல்லாம் ஒரே அளவு இல்லை. மேலே மூணு மலடு. நடுவில் இருக்கிறது குட்டை, கீழே இருக்கிறது நீளம், வளைஞ்சு இருக்கும். வண்டு நடுவில் இருக்கிறதைத்தான் தன் சாப்பாட்டுக்காக உலுக்குது. அது அப்படி உலுக்கும்போது நீளமான காம்பிலிருந்து வர்ற மகரந்தம் வண்டோட உடம்பில், அதுக்குக் கால் எட்டாத இடத்தில் போய் ஒட்டிக்கும். அதுதான் அடுத்த பூவுக்குப் போகுது. சாப்பாடு தனி, கூரியர் தனி. இதைக் கண்டுபிடிச்ச நாள் நான் அடுப்பில் பாலை வச்சிட்டு மறந்து போனேன்.

பட்டாம்பூச்சி கதை கொஞ்சம் வெட்கமானது. 2020 ஐப்பசியில் ஒரு செடி முழுக்கப் பச்சைப் புழு. இலையெல்லாம் காலி, வெறும் காம்பு. நான் வேப்பெண்ணெய்க் கரைசல் கலக்கி அடிச்சேன். ரெண்டு செடிக்கு அடிச்சு முடிச்ச பிறகு, மூணாவதில் ஒரு கூடு தொங்குறதைப் பார்த்து நிறுத்தினேன். அஞ்சாறு நாளில் அதிலிருந்து வெளிர் பச்சை கலந்த வெள்ளையில் ஒரு பட்டாம்பூச்சி வந்தது. எமிகிரன்ட்னு சொல்ற வகை. அது முட்டை வைக்கிறதே ஆவாரை, கொன்றை மாதிரியான செடிகளில்தான். மொட்டையான செடி மூணு வாரத்தில் மறுபடி தழைச்சிடுச்சு. அதிலிருந்து நான் எதுவும் அடிக்கிறது இல்லை. இலைக் காம்பில் எறும்பு ஊர்றதைப் பார்த்தாலும் பயப்படாதீங்க. இலை ஜோடிக்கு நடுவில் சின்னச் சின்னச் சுரப்பி இருக்கு, அதில் இனிப்பு நீர் வரும், அதுக்காக வருது.

கவாத்து பற்றிக் கேட்டவங்களுக்கு: பயப்படாமல் வெட்டுங்க. பூ ஓய்ஞ்சு நெத்து எடுத்த பிறகு முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் கீழேயிருந்து புதுக் கிளை வந்து செடி அடர்த்தியாகும். வெட்டாமல் விட்டால் அடியில் மொட்டையாகி மேலே மட்டும் கொத்தா நிக்கும். வெட்டு வாங்கி வளர்றது இந்தச் செடிக்குப் பழக்கம்தான். தோல் பதனிட ஆவாரம் பட்டையைத்தான் ஒரு காலத்தில் உரிச்சாங்க. மதராஸிலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்குப் போன தோலெல்லாம் இந்தப் பட்டையில் ஊறினதுதான். அப்புறம் வாட்டில் மரப்பட்டை வந்து இதோட இடத்தைப் பிடிச்சது. எங்க அப்பத்தா சின்ன வயசில் கூலிக்குப் பட்டை உரிச்சதாகச் சொல்வாங்க. கை விரலெல்லாம் கறை பிடிச்சு வாரக்கணக்கில் போகாதாம்.

இன்னும் பின்னாடி போனால் குறுந்தொகையில் மடலேறுகிற தலைவன் பனைமடல் குதிரைக்கு ஆவிரை மாலை கட்டுறான். காதலி கிடைக்காத விரக்தியில் ஊரே பார்க்கிற மாதிரி தெருவில் போறவனுக்கு, சும்மா கிடைக்கிற பூ. எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். நம்ம போகிப் பண்டிகை அன்னைக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலை, கண்ணுப்பீளையோடு இதையும் சேர்த்துத்தான் வாசலில் செருகுறோம். 2020 ஜனவரியில் எங்க தெருவில் பதினோரு வீட்டுக்கு எங்க செடியிலிருந்து பூ போச்சு. அம்மா தானே முறத்தில் எடுத்துக்கிட்டு வீடு வீடாகக் கொடுத்துட்டு வந்தாங்க. மல்லிகை போனதிலிருந்து அவங்க முகத்தில் நான் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்க்கல.

இப்போ நான் சொல்லத் தயங்கின பகுதி. அம்மாவுக்குப் பதினாலு வருஷமா சர்க்கரை. ஆவாரம்பூவைக் காயவைத்துத் தண்ணியில் போட்டுக் குடிச்சால் சர்க்கரை குறையும்னு உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பாங்க. ஆவாரை பூத்தால் சாவே வராதுங்கிற மாதிரி ஒரு பழமொழியும் இருக்கு. செடி பூக்க ஆரம்பித்ததும் அம்மா தினமும் காலையில் ஒரு கைப்பிடி பறிச்சு, நிழலில் உலர்த்தி, டப்பாவில் போட்டு வச்சாங்க. காபிக்குப் பதில் அதுதான். நானும் சந்தோஷப்பட்டேன். என் செடி, என் பூ, அம்மா குடிக்கிறாங்க. போன் எடுத்து வீடியோகூடப் போட்டேன். அந்த வீடியோவை இப்போ நீக்கிட்டேன்.

2021 ஆடி மாசம் அம்மா காலில் ஒரு சின்னக் காயம். செருப்பு கடிச்சது. ரெண்டு வாரமாகியும் ஆறல. மூணாவது வாரம் விரல் நிறம் மாறிடுச்சு. டாக்டர்கிட்ட போனோம், வெறும் வயிற்றில் சர்க்கரை 340. "மாத்திரை போடுறீங்களா அம்மா"ன்னு அவர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாங்க. வீட்டுக்கு வந்து தேடினேன். வெந்தய டப்பாவுக்குள்ளே மூணு மாசத்து மாத்திரை அட்டை, பிரிக்காமல். "பூ குடிக்கிறேனே, அது எதுக்கு இது வேற"ன்னு நிறுத்தியிருக்காங்க. நான் கத்தினேன். அவங்க ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க. "நீதானடி நல்லதுன்னு வளத்த."

விரலை எடுக்க வேண்டியிருக்கும்னு முதலில் சொன்னாங்க. எடுக்கல. நாலு மாசம் டிரெஸ்ஸிங், இன்சுலின், அப்புறம் ஆறிடுச்சு. இப்போ நடக்கிறாங்க.

அதனால் இதைத் தெளிவாகச் சொல்றேன். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஆவாரம்பூச் சாறு சர்க்கரையைக் குறைச்சதாக வந்திருக்கு. அது உண்மை. அதனாலேயே மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கிறவங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டுக் குடிக்கணும், சர்க்கரை ரொம்ப இறங்கினாலும் ஆபத்துதான். மாத்திரையை நிறுத்திட்டு இதைக் குடிக்கிறதுக்கு எந்த ஆய்வும் உங்களுக்கு அனுமதி கொடுக்கல. என்கிட்ட கன்று வாங்குற எல்லார்கிட்டயும் இதைச் சொல்லித்தான் கொடுக்கிறேன். கேட்டு முகம் சுளிக்கிறவங்களும் உண்டு. பரவாயில்லை. எங்க அம்மா இன்னும் வாரத்துக்கு ரெண்டு நாள் அந்தப் பூத்தண்ணி குடிக்கிறாங்க, மாத்திரை டப்பா இப்போ என் அலமாரியில் இருக்கு.

கடைசியாக ஒண்ணு. போன வருஷம் முன்னாடி வருஷம் எங்க ஊருக்குப் போயிருந்தேன். அந்த வளைவில் பஸ் திரும்பும்போது நான் வழக்கம்போல ஜன்னல் பக்கம் சாய்ஞ்சேன். ஓடைக் கரையே இல்லை. ஜேசிபி வச்சு நிரவி, கல் ஊன்றி, பிளாட் போட்டிருக்காங்க. கேட்டில் ரெண்டு பக்கமும் வரிசையாக டெக்கோமா. ஆடு மேய்க்கிற பெரியவரைப் பற்றி டீக்கடையில் விசாரித்தேன், மேய்ச்சல் இல்லாமல் ஆட்டை வித்துட்டு மகன் வீட்டுக்குப் போயிட்டாராம்.

அந்தக் கரையோட விதையில் வந்த செடி இப்போ என் வீட்டில் ஏழு, பக்கத்து வீட்டில் ஒண்ணு, என்கிட்ட வாங்கிட்டுப் போனவங்க வீட்டில் இருபத்தஞ்சு முப்பது இருக்கலாம். ஒரு செடி கிழக்கே நிக்கிறதுதான் நல்லாக் காய்க்கும். இந்த மாசி, பங்குனியில் நெத்து காயும். ஊருக்குப் போய் அந்த பிளாட்டுக்குப் பின்னாடி, கண்மாய்க்கரையில் ஓரமாக ஊன்றிப் பார்க்கலாம்னு இருக்கேன். வெந்நீர் வைக்காமல் பாதி, வெந்நீர் வச்சுப் பாதி. மழைக்கு முன்னாடி போகணும்.

அம்மா பின்னாடியிலிருந்து கூப்பிடுறாங்க, மைக்கில் கேட்டிருக்கும். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, பூப் பறிக்கணுமாம். கண்ணுப்பீளையை வீட்டில் வளர்க்கலாமான்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க, அதை அடுத்த எபிசோடில் பேசலாம்.